பழைய மடிக்கணினியில் தமிழாட்சி

(மேனாம்பேட்டில் கூடிய தமிழன்பர் அவையில் ஆற்றப்பெற்ற பொழிவின் எழுத்து வடிவம்)

    

‘தமிழ் வாழ்க’ என்று சுவரில் எழுத ஒரு தூரிகையும் சிறிது சுண்ணமும் போதும். அதே சொற்களைக் கணினித் திரையில் எழுதுவதும் இன்று எளிதே. ஆனால், அக்கணினியைத் தொடங்கும் பொழுதிலிருந்து நிறுத்தும் பொழுதுவரை ஆளுகின்ற மொழி எது? அதில் உள்ள சொற்களைத் திருத்தும் உரிமை யார் கையில் உள்ளது? பழுதானால் திறந்து பார்க்கும் உரிமையாவது வாங்கியவனுக்கு உண்டா? இவ்வினாக்களுக்கு விடை சொல்லாமல் கணினித் தமிழ் வளர்ந்துவிட்டது என்று மகிழ்வது, வாடகை வீட்டில் பெயர்ப்பலகை மாட்டி மகிழ்வதைப் போன்றதே.

இவ்வினாக்களுக்கு ஏட்டளவில் விடை தேட வேண்டியதில்லை. வீட்டுப் பரணில் கிடக்கும் ஒரு பழைய மடிக்கணினியை இறக்கி, ஒரு கம்பியை அதில் செருகி, செயலளவிலேயே விடை காணலாம். அவ்வழியை விளக்குவதே இப்பொழிவின் நோக்கம்.

பரணில் உறங்கும் பொறிகள்

தமிழ்நாட்டரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15-ஆம் நாள் திருவள்ளூர் மாவட்டத்தில் தொடங்கிவைக்கப்பெற்றது. அந்நாளில் இம்மேனாம்பேடும் அம்மாவட்டத்தைச் சேர்ந்ததே. அம்பத்தூர் வட்டம் சென்னை மாவட்டத்தோடு இணைந்தது 2018-ஆம் ஆண்டில்தான். அடுத்த எட்டொன்பது ஆண்டுகளில் அத்திட்டத்தின் வழியாக அரசுப் பள்ளி, கல்லூரி மாணவர்க்கும் அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்க்கும் 50 இலக்கத்திற்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் வழங்கப்பெற்றன. கூலித் தொழிலாளியின் மகளும் உழவனின் மகனும் தம் வீட்டுக்குள் முதன்முதலாகக் கண்ட கணினி அதுவாகவே இருந்தது. அதன் அருமையை எவரும் குறைத்து மதிப்பிடல் ஆகாது.

அப்பொறிகளில் விண்டோசு என்னும் இயங்குதளத்தோடு, பாசு இலினக்சு என்னும் மற்றோர் இயங்குதளமும் சேர்ந்து வந்தது. இப்பின்னது நடுவணரசின் உயர்கணிப்பு வளர்ச்சி நடுவமான சி-டாக்கின் சென்னைப் பிரிவு உருவாக்கி 2007-இல் வெளியிட்டது. தெபியன் என்னும் உலகளாவிய கட்டற்ற இயங்குதளத்தை அடிப்படையாகக் கொண்டது. ஆயினும் என்ன? திறந்து காட்டுவார் இல்லாத வீட்டில் அது இருந்தும் இல்லாததாயிற்று.

இப்பொழுது வேறொரு நிலை வந்திருக்கிறது. விண்டோசு 10-க்கு அளித்து வந்த பொதுவான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாப்டு நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு நிறுத்திற்று. குறுகிய காலத்திற்கு நீட்டிக்கும் தனி ஏற்பாடு சில உண்டு. எனினும் அவை நிலையான தீர்வாகா. அதற்கு அடுத்த பதிப்போ, பழைய செயலிகளைக் கொண்ட கணினிகளை ஏற்பதில்லை. விசைப்பலகை செவ்வையாக இருக்கிறது, திரை ஒளிர்கிறது, செயலி இயங்குகிறது. ஆனாலும், பல்லாயிரம் கல் தொலைவில் எடுக்கப்பெற்ற ஒரு முடிவால் அப்பொறி ‘பழையது’ ஆகிவிடுகிறது. பொறி மூப்படையவில்லை, அதைப் பூட்டியவர் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பூட்டும் சாவியும்

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் உழைப்பவர்க்கு இதனை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. லேத்து என்று மக்கள் வழங்கும் கடைசல் பொறி ஒன்றைப் பட்டறைக்காரர் வாங்குகிறார். அதன் பல்லுருளை தேய்ந்தால் கழற்றுகிறார், மாற்றுகிறார், தம் தொழிலுக்கு ஏற்றவாறு கூடுதல் உறுப்பையும் பொருத்துகிறார். ‘மூடியைத் திறத்தல் கூடாது; பத்தாண்டுக்குப் பின் இப்பொறியை இயக்குதலும் கூடாது’ என்று விற்றவன் சொன்னால் அப்பட்டறைக்காரர் ஏற்பாரா? ஏற்கமாட்டார். இரும்புப் பொறிக்கு ஏற்காத அடிமை முறியை மென்பொருளுக்கு மட்டும் ஏன் ஏற்க வேண்டும்?

இவ்வினாவை எழுப்பியவர் அமெரிக்கரான ரிச்சர்டு சுடால்மன். 1983-இல் அவர் குனு என்னும் திட்டத்தை அறிவித்தார். எப்பயனுக்கும் இயக்கும் உரிமை, மூல நிரலைப் படித்தறியும் உரிமை, பிறர்க்குப் படியெடுத்து வழங்கும் உரிமை, திருத்தி வெளியிடும் உரிமை ஆகிய நான்கும் உடையதே கட்டற்ற மென்பொருள் என்பது அவர் வகுத்த நெறி. 1991-இல் பின்லாந்து நாட்டு மாணவர் இலினசு தோர்வால்டுசு இலினக்சு என்னும் கருவகத்தை எழுதி வெளியிட்டார். 1993-இல் இயன் முர்டாக்கு தெபியன் திட்டத்தைத் தொடங்கினார். இன்று அத்திட்டத்தைப் பல நாட்டுத் தன்னார்வலர்கள் நடத்துகின்றனர். தனி முதலாளி ஒருவர் அதற்கு இல்லை.

தமிழ் வரலாறும் இதையே உணர்த்துகிறது. தமிழ் எழுத்து 1578-ஆம் ஆண்டிலேயே கொல்லத்தில் அச்சேறிற்று. ஆனால், அச்சுப்பொறி பிறர் கையில் இருந்தவரை பிறர்க்கு வேண்டிய நூல்களே மிகுதியாக அச்சாயின. அச்சகங்கள் தமிழர் கைக்கு வந்து நிலைத்த பின்னரன்றோ, தாமோதரனாரின் கலித்தொகைப் பதிப்பு 1887-இலும், உ.வே.சா.வின் பத்துப்பாட்டுப் பதிப்பு 1889-இலும், புறநானூற்றுப் பதிப்பு 1894-இலும் வெளிவந்தன! எழுத்து தமிழாக இருந்தால் மட்டும் போதாது. எழுத்தை வார்க்கும் பட்டறையும் தமிழர்க்கு உரியதாக இருத்தல் வேண்டும். அன்றைய அச்சகத்தின் இடத்தில் இன்று நிற்பது கணினியின் இயங்குதளமே.

கம்பி வழியே வரும் இயங்குதளம்

பழைய மடிக்கணினியில் புதிய இயங்குதளத்தை நிறுவ முற்படுவோர் முதற்படியிலேயே தடுக்கி விழுவதுண்டு. குறுவட்டு இயக்கி பழுதாகியிருக்கும். அல்லது தொடக்கத்திலிருந்தே இராது. மக்கள் பென்டிரைவு என்று வழங்கும் விரலியிலிருந்து தொடங்க மிகப் பழைய பொறிகள் சில மறுத்துவிடும். அந்நிலையிலும் ஒரு வாயில் பெரும்பாலும் திறந்தே இருக்கும். அது பொறியின் பக்கவாட்டில் உள்ள வலைக்கம்பித் துளை.

அத்துளைக்குப் பின்னுள்ள வலையட்டையில் சிறியதொரு நிரல் பதிக்கப்பெற்றிருக்கும். வன்தட்டு வெறுமையாக இருப்பினும் கம்பி வழியாகவே கணினியைத் தொடங்க வல்லது அந்நிரல். இதற்கான நெறிமுறையை இன்டெல் நிறுவனம் 1990-களின் இறுதியில் வகுத்தது, பி.எக்சு.இ. என்பது அதன் குறும்பெயர். ஆகவே, வேண்டுவன மூன்றே: பழைய மடிக்கணினி, இலினக்சு இயங்கும் மற்றொரு கணினி, இரண்டையும் இணைக்கும் வலைக்கம்பி. அம்மற்றொரு கணினியை இங்கு உதவிக்கணினி என்று குறிப்போம்.

நிகழ்வது இதுதான். மடிக்கணினியை முடுக்கியவுடன் எஃப்2 அல்லது எஃப்12 போன்ற விசையை அழுத்தி, தொடக்க வரிசையில் வலையை முதலாவதாக அமைத்தல் வேண்டும். எவ்விசை என்பது பொறிக்குப் பொறி மாறும்; முதல் திரையின் அடியில் அது காட்டப்பெறும். அதன்பின், ஊருக்குப் புதிதாய் வந்தவன் தெருமுனையில் நின்று ‘தங்குதற்கு இடம் காட்டுவார் உளரோ?’ என்று கூவுவதைப் போல, மடிக்கணினி கம்பி வழியாக ஒரு வேண்டுகோளை விடுக்கும். உதவிக்கணினியில் உள்ள முகவரி வழங்கி அதனைக் கேட்டு, ‘இஃது உன் முகவரி, நீ படிக்க வேண்டிய முதற்கோப்பின் பெயர் இது, அது கிடைக்குமிடம் இது’ என்று மறுமொழி சொல்லும்.

அடுத்து, டி.எஃப்.டி.பி. என்னும் மிக எளிய கோப்பு வழங்கும் நெறிமுறை தொழிற்படும். 1980-களின் தொடக்கத்தில் வகுக்கப்பெற்ற அது பயனர் பெயரோ கடவுச்சொல்லோ கேட்பதில்லை. அவ்வெளிமையால்தான் வலையட்டையின் சிறு நினைவகத்துக்குள் அடங்குகிறது. அதன் வழியாகத் தொடக்க ஏற்றியும், பின்னர் இலினக்சுக் கருவகமும், நிறுவியைக் கொண்ட தொடக்கக் கோப்புத் தொகுதியும் மடிக்கணினியின் நினைவகத்தில் வந்து இறங்கும். வன்தட்டில் ஓர் எழுத்தும் இல்லாத பொறி அப்பொழுது உயிர்பெற்று, திரையில் நிறுவியைக் காட்டும்.

உதவிக்கணினியில் செய்ய வேண்டிய அணியமும் பெரிதன்று. முகவரி வழங்குதல், கோப்பு வழங்குதல் ஆகிய இரு பணிகளையும் டி.என்.எசு.மாசுக்கு என்னும் ஒரே சிறு நிரல் செய்துவிடும். வலைவழித் தொடக்கத்துக்கு வேண்டிய கோப்புகளைத் தெபியன் திட்டமே கட்டி வைத்திருக்கிறது. அக்கட்டை இறக்கி, ஒரு கோப்புறையில் விரித்து, அக்கோப்புறையின் இடத்தை அந்நிரலின் அமைவுக் கோப்பில் எழுதினால் போதும். பத்துப் பதினைந்து வரிகளுக்குள் அடங்கும் வேலை இது. எஞ்சிய மென்பொருள்களையெல்லாம் நிறுவி இணையத்திலிருந்து தானே பெற்றுக்கொள்ளும்.

விரலியினும் இவ்வழியே சிறந்தது என்பதற்கு மற்றொரு கரணியமும் உண்டு. விரலி ஒரு நேரத்தில் ஒரு பொறிக்கே உதவும். உதவிக்கணினியோ, ஒருமுறை அணியப்படுத்தியபின், ஒரு கூடத்தில் உள்ள பத்துப் பொறிகளையும் ஒருங்கே தொடங்கிவைக்கும். முதற்பொறிக்காக இறக்கிய மென்பொருள் தொகுதிகளைச் சேமித்து வைத்து அடுத்த பொறிகளுக்கு வழங்கும்படியும் அதை அமைத்துக்கொள்ளலாம். இணையக் கட்டணமும் மிச்சம், காலமும் மிச்சம். தெருவுக்கு ஒரு படிப்பகம் நடத்திய இயக்கத்தார்க்கு இஃது எவ்வளவு ஏற்ற முறை என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

விழிப்பாக இருக்க வேண்டியவை

இளைஞர்கள் ஆர்வத்தால் விரைந்து இடர்ப்படாதிருக்க, சிலவற்றைச் சொல்லியாக வேண்டும்.

முதலாவது, வன்தட்டில் உள்ள படங்கள், சான்றிதழ்கள், எழுத்துகள் அனைத்தையும் வேறிடத்தில் படியெடுத்து வைத்த பின்னரே பணியைத் தொடங்க வேண்டும். நிறுவி தட்டைப் பகுக்கும் கட்டத்தில் கேட்கும் வினாவை நின்று படிக்காமல் ‘ஆம்’ என்றால் அழிந்தவை மீளா.

இரண்டாவது, ஒரே வலையில் இரண்டு முகவரி வழங்கிகள் ஒன்றுக்கொன்று முரணாக மறுமொழி சொல்லுதல் கூடாது. வீட்டில் ரூட்டர் என்று வழங்கப்பெறும் திசைவி ஏற்கெனவே முகவரி வழங்கிக்கொண்டிருக்கும். அதனை அப்பணியில் விட்டுவிட்டு, தொடக்கக் கோப்பின் பெயரை மட்டும் உதவிக்கணினி சொல்லும்படி அமைக்கலாம். அல்லது இரு கணினிகளையும் நேரே கம்பியால் இணைத்து, உதவிக்கணினியின் இணையத்தைப் பகிர்ந்துகொள்ளலாம். கம்பியின்றி வரும் வலை இத்தொடக்கப் பணிக்குப் பொதுவாக உதவாது.

மூன்றாவது, செயலி 32 நுண்மி உடையதா, 64 நுண்மி உடையதா என்பதை முன்னரே அறிதல் வேண்டும். 2025 ஆகத்தில் வெளிவந்த தெபியன் 13-ஆம் பதிப்பு 32 நுண்மிக் கணினிகளுக்கான நிறுவியைக் கைவிட்டுவிட்டது. அவ்வகைப் பொறிகளுக்கு 2023-இல் வெளிவந்த 12-ஆம் பதிப்பே ஏற்றது. வரைகலைத் திரை வேண்டுமாயின், நினைவகம் குறைந்தது 1 கிகாபைட்டு இருத்தல் வேண்டும். 2 இருந்தால் நன்று. வன்தட்டில் 10 கிகாபைட்டாவது வெற்றிடம் வேண்டும். பழைய பொறிகளுக்கு எக்சு.எஃப்.சி.இ. போன்ற எடை குறைந்த திரைச் சூழலையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

நான்காவது, எளிதில் புலப்படாத ஒரு சிறு சிக்கல். நெடுநாள் உறங்கிய பொறியின் உள்ளிருக்கும் பொத்தான் மின்கலம் தீர்ந்து போயிருக்கும். கடிகாரம் பழைய ஆண்டொன்றைக் காட்டும். இறங்கும் மென்பொருள் உண்மையானதுதானா என்று நிறுவி முத்திரை பார்க்கும்பொழுது, நாள் பொருந்தாமையால் பணி நின்றுவிடும். சிறு விலையுள்ள அம்மின்கலத்தை மாற்றி, நாளைத் திருத்திக் கொண்டால் தடை நீங்கும். பெரிய மின்கலம் செத்திருந்தாலும் கவலையில்லை. மின்னிணைப்பிலேயே வைத்து நிறுவலாம்.

தமிழ் வந்து அமரும் இடம்

இதுவரை சொன்னவை பொறியைப் பற்றியவை. இனிச் சொல்வது மொழியைப் பற்றியது.

தெபியனின் வரைகலை நிறுவி கேட்கும் முதல் வினா, ‘எம்மொழியில் பேச வேண்டும்?’ என்பது. அப்பட்டியலில் தமிழ் உண்டு. தமிழ் எழுத்திலேயே உண்டு. அதைத் தேர்ந்தெடுத்தால், அடுத்து வரும் வினாக்கள் தமிழில் வருகின்றன. விசைப்பலகைகளில் தமிழ்நாட்டரசு 1999-இல் ஏற்ற தமிழ் 99 அமைப்பும் கிடைக்கிறது. எழுத்துருக்கள் இலவயமாக வருகின்றன. சொற்செயலிக்கும் இணைய உலாவிக்கும் தமிழ் முகம் அமைக்கலாம்.

விண்டோசிலும் தமிழ் முகம் உண்டே என்று சிலர் கேட்பர். உண்டு, மறுப்பதற்கில்லை. வேறுபாடு முகத்தில் இல்லை, உரிமையில் இருக்கிறது. அங்கே ஒரு சொல் தவறாக இருந்தால் நிறுவனத்துக்கு விண்ணப்பம் போடலாம். திருத்துவதும் திருத்தாதிருப்பதும் நிறுவனத்தின் விருப்பம். இங்கே மொழிபெயர்ப்புகள் பெரும்பாலும் பி.ஓ. என்னும் எளிய உரைக்கோப்புகளில் இருக்கின்றன. ஒரு வரியில் ஆங்கிலம். அதன் கீழ் வரியில் தமிழ். யாரும் திறக்கலாம், படிக்கலாம், திருத்தி அனுப்பலாம். பொறுப்பாளர் ஏற்றால், அடுத்த பதிப்பில் அச்சொல் உலகெங்கும் உள்ள தமிழர் திரைகளில் தோன்றும். ஏற்காவிடினும் தம் கணினியில் தமக்கு உகந்த சொல்லை வைத்துக்கொள்வதை எவரும் தடுக்க இயலாது.

ஈண்டு ஓர் உண்மையை மறைத்தல் கூடாது. அம்மொழிபெயர்ப்புகளில் குறை உண்டு. சில இடங்களில் தமிழாகாத வரிகள் நிற்கின்றன. சில இடங்களில் நல்ல தமிழ்ச்சொல் இருக்க வடசொல் அமர்ந்திருக்கிறது. ஒரே பொருளுக்கு இடத்துக்கு இடம் வெவ்வேறு சொல் வருகிறது. அதற்காக, ஊதியமின்றி உழைத்த ஒரு சிலரைப் பழித்தல் முறையா? அவர்கள் தனித்து உழைத்தபோது, சொல்லாக்கத்தில் வல்லவர் பலர் எங்கே இருந்தனர்? மறைமலையடிகளார் 1916-இல் தனித்தமிழ் நெறியைத் தொடங்கிய நாள்முதல் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் பட்டியல் பட்டியலாகக் கலைச்சொற்கள் ஆக்கப்பெற்றன. ஏட்டில் உறங்கும் சொல்லும் பரணில் உறங்கும் கணினியும் ஒரு நிலையினவே. இரண்டையும் ஒருங்கே எழுப்பும் இடம் இந்தத் திருத்தப் பணி. புழங்கும் சொல்லே வாழும் சொல்.

அண்டை நிலம் காட்டும் பாடம்

இது கைக்கூடாக் கனவு என்று கருதுவோர் கேரளத்தைப் பார்க்கட்டும். 2001-இல் திருவனந்தபுரத்தில் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் இந்தியக் கிளை தொடங்கப்பெற்றது. அதே காலத்தில் தொடங்கிய பள்ளிக் கணினிக் கல்வித் திட்டம், சில ஆண்டுகளில் கட்டற்ற மென்பொருளுக்கே மாறிற்று. இன்று அங்குள்ள அரசுப் பள்ளிப் பிள்ளைகள் இலினக்சிலேயே கணினி கற்கின்றனர். ஆசிரியர்கள் அதிலேயே பயிற்சி பெறுகின்றனர். அவர்கள் தமிழரினும் செல்வரோ? அறிவில் மிக்கவரோ? இல்லை. முடிவெடுத்தனர், முடிவில் நின்றனர், ஆசிரியரை அணியப்படுத்தினர். வேறுபாடு அவ்வளவே.

தமிழ்நாட்டிலும் முயற்சி இல்லாமற் போகவில்லை. அரசின் மின்னணுக் கழகமான எல்காட்டு, 2007-ஆம் ஆண்டை ஒட்டி உமாசங்கர் அவர்கள் பொறுப்பில் இருந்தபோது தன் கணினிகளை இலினக்சுக்கு மாற்றிக் காட்டிற்று. விழுப்புரத்தில் இலினக்சுப் பயனர் குழுவினர் சிற்றூர் மாணவர்க்குக் கட்டணமின்றிக் கற்பித்து வருகின்றனர். 2012-இல் தொடங்கிய கணியம் இதழ், கட்டற்ற மென்பொருளைப் பற்றித் தமிழிலேயே எழுதி வருகிறது. விதை இருக்கிறது, நீர் ஊற்றுவார் தொகைதான் போதவில்லை.

செய்ய வேண்டியவை

எனவே, இந்த அவை மூன்று பணிகளை மேற்கொண்டு கலைதல் வேண்டும்.

ஒன்று: மேனாம்பேடு, கருக்கு, கள்ளிக்குப்பம் முதலாக ஆவடி, பூவிருந்தவல்லி வரை, பயனின்றிக் கிடக்கும் மடிக்கணினிகளை உடையவர் இசைவோடு திரட்டுதல் வேண்டும். திங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு பொது இடத்தில் உதவிக்கணினி ஒன்றை நிறுத்தி, கம்பி வழியே அவற்றுக்கு உயிரூட்டி உடையவரிடமே திருப்பித் தருதல் வேண்டும். நிறுவித் தருவதோடு நில்லாமல் அவரையே உடனிருத்தி நிறுவச் செய்தல் வேண்டும். பிறர் செய்து கொடுத்தது மறக்கும். தன் கையால் செய்தது நிலைக்கும்.

இரண்டு: ஒவ்வொரு கணினியிலும் தமிழையே முதல் மொழியாக அமைத்துப் பழகுதல் வேண்டும். முதற்கிழமை தடுமாற்றமாகத்தான் இருக்கும். ‘கோப்பு’, ‘சேமி’, ‘அச்சிடு’ என்னும் சொற்களைக் கண் தேடும். இரண்டாம் கிழமையில் கை தானே செல்லும். ஆங்கிலத்தில் பழகியதும் இப்படித்தானே!

மூன்று: தமிழாசிரியர்களும் சொல்லாய்வு வல்லாரும் கணினி கற்ற இளைஞரோடு அமர்ந்து, நிறுவியின் மொழிபெயர்ப்பை வரிவரியாகப் படித்துத் திருத்தம் அனுப்புதல் வேண்டும். முதியவரிடம் சொல் இருக்கிறது. இளையவரிடம் கருவி இருக்கிறது. இரண்டும் ஒரு மேசையில் சேராததே இதுவரை நேர்ந்த இழப்பு.

அன்பர்களே! அயலான் பூட்டியதைப் பற்றி ஒரு தலைமுறை புலம்பிவிட்டது. அப்பூட்டு இன்றித் திறந்தே கிடக்கும் கதவு ஒன்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் காத்திருக்கிறது. அதனுள் நுழையக் கட்டணம் இல்லை. இசைவுச் சீட்டு இல்லை. வேண்டுவன ஒரு கம்பியும் சிறிது பொறுமையும் தமிழ்மேல் செயலளவான பற்றுமே. வரும் ஞாயிற்றுக்கிழமையே பரணில் உள்ள பொறியை இறக்குக. தூசியைத் துடைத்திடுக. திரை கேட்கும் முதல் வினாவுக்கு ‘தமிழ்’ என்று விடை தருக.

வெல்க தமிழ்! வளர்க தமிழர் தொழிலறிவு!